ஆலாத் திட்டில் ஒரு உருண்டைச் சோறு

புதிதாகப் படகேறியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். கைடு வேலையில் நான் கற்றுக்கொண்டதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ரிட்டயர் ஆனவனிடம் இப்படிக் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். ஆனாலும் ஒரு விஷயத்தில் உங்களுக்குத் தொல்லை இல்லை. எந்த ஆலாப் பறவைக்கு எந்த நிறத்தில் அலகு, ஓங்கிலின், அதாவது டால்பினின், முதுகுத் துடுப்பு எப்படி வளைந்திருக்கும், கடல்பசு எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட அது நன்றாகச் சொல்லும். போனில் இல்லாத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். அது நான் செய்த ஒரு தப்பு. இதுவரை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

இதை உங்கள் வீட்டிலிருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் வேலை என்ன என்று இரண்டு வரி. மன்னார் வளைகுடாவில் இருக்கும் தீவுகளிலும் மணல் திட்டுகளிலும் பொதுமக்கள் கால் வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம். ஆனால் தூரத்தில் படகில் சுற்றிவந்து பார்க்கலாம். ஒரு படகுக்குப் பன்னிரண்டு பேர், ஒரு டிரைவர், ஒரு கைடு. டிரைவர் ஓட்டுவார், கைடு பேசுவான். முப்பது வருஷத்துக்கு மேல் நான் பேசினேன்.

நான் செஞ்சிக்காரன். பாறை பார்த்து வளர்ந்தவன். இருபத்திரண்டு வயது வரை நான் பார்த்த பெரிய தண்ணீர் பனமலை ஏரிதான், அதுவும் நல்ல மழை பெய்த வருஷத்தில். கடலோரத்தில் வேலை என்று ஆர்டர் வந்தபோது வீட்டில் எல்லோரும் ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்ற கவலை எனக்கு மட்டும்தான் இருந்தது. படகுத் துறையில் எனக்கு வைத்த பெயர் 'மலையாடு'. படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் உட்காரும் அழகைப் பார்த்து வைத்தது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அந்தப் படகை ஓட்டிய அண்ணன். பெயர் வேண்டாம். பெயர் போட்டால் திட்டுவார். சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஓங்கில் கூட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு நான் அவரை விரட்டச் சொன்னேன். படகில் குழந்தைகள் இருந்தார்கள், எனக்கும் ஆசை. இடது பக்கம், வலது பக்கம் என்று நான் கையைக் காட்டக் காட்ட அவரும் ஓட்டினார். கடைசியில் ஓங்கில்கள் மூழ்கின, மூழ்கியதுதான், வரவேயில்லை. படகில் எல்லோருக்கும் முகம் தொங்கிப் போனது. நான் சமாளிப்பதற்காக, "இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்றே அரை மணி நேரத்தை ஓட்டினேன். திரும்பி வந்த பிறகு அண்ணன் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "வராதுன்னு உனக்குத் தெரியும்ல? பின்ன ஏன் சொல்லலை?" என்று கேட்டார். சொன்னால் வருத்தப்படுவார்களே என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நான் அப்போது சிரித்தேன். புத்தி வந்திருந்தால் நீங்கள் இப்போது இதைப் படிக்க வேண்டியிருக்காது.

வைகாசி மாதம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வலுக்கத் தொடங்கவில்லை, ஆனால் தொடங்கப் போகிறது என்று தெரிகிற மாதிரி ஒரு நாள். பள்ளிக்கூட லீவு, கூடவே அமாவாசை. இராமேசுவரத்தில் கூட்டம் நெருக்கியது. திதி கொடுத்து முடித்தவர்கள், "வந்ததுதான் வந்தோம்" என்று நம் துறைக்கு வந்து படகேறுவார்கள். பதினோரு மணிக்கு ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. கேஸ் அடுப்பு, அண்டா, சமையல்காரர் சகிதம் வந்திருந்தார்கள். இறங்கினவர்கள் பேசியதைக் கேட்டதும் எனக்குக் காது குளிர்ந்துவிட்டது. "இன்னாபா இது, இம்மாந்தூரம் வந்து இம்மாத்தூண்டு போட்டு?" எங்கள் ஊர்ப் பேச்சு! விசாரித்தால், செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரம். பஸ்ஸை ஏற்பாடு செய்து வந்த பெரியவருக்கு என் அப்பாவை, எங்கள் பேச்சில் நைனாவை, தெரிந்திருந்தது.

அவ்வளவுதான். என்னைத் தோளில் தூக்கிவைத்துக் கொள்ளாத குறை. "நம்ம ஊரு ஆளு, கவர்மெண்டு போட்டுல இருக்காரு" என்று பஸ் முழுக்கச் செய்தி போனது. எனக்கும் தலைகால் புரியவில்லை. ஊர்க்காரர்கள் முன்னால் நம் வேலையைக் காட்டுவதில் ஒரு போதை இருக்கிறது. ஜாக்கிரதையாக இருங்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் 'முடியாது' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நைனாவைத் தெரிந்த ஒருவரிடம் சொல்வது கஷ்டம்.

முதல் படகில் ஏறிய பன்னிரண்டு பேரில் சரோஜா என்று ஒரு பெண். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். கடைசி வரிசையில், மடியில் ஒரு டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முன் வரிசையில் இருந்த அவள் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் நைனா செத்துச் சில மாதம் ஆகியிருந்தது. அன்று காலையில்தான் கடற்கரையில் சடங்கு முடித்து வந்திருந்தார்கள்.

படகு கிளம்புமுன் டிரைவர் அண்ணன் எப்போதும் ஒரு வேலை செய்வார். துடுப்பால் கூரையைப் பட் பட்டென்று நாலு தட்டு தட்டுவார். துறையில் மீன் கழிவுக்காக அலைகிற காக்கைகள் கூரையில் உட்கார்ந்து சவாரி வரும், அவற்றை இறக்கிவிட. அன்றும் தட்டினார். இரண்டு காக்கைகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தன. அவர் மறுபடி துடுப்பை எடுக்கும்போது சரோஜா எழுந்துவிட்டாள்.

"வெரட்டாதீங்கண்ணா! உங்க கால்ல உழறேன், வெரட்டாதீங்க!"

அவர் என்னைப் பார்த்தார். நான் விட்டுவிடச் சொல்லிக் கையைக் காட்டினேன். இரண்டு காக்கைதானே என்று நினைத்தேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. பெரிய தப்பு எதுவும் பெரிதாக வந்து நம்மிடம் அனுமதி கேட்பதில்லை.

படகு போய்க்கொண்டிருக்கும்போது அவளிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். ஊர்க்காரன் என்பதால் மறைக்காமல் சொன்னாள்.

"நான் லவ் பண்ணி கட்டிக்கினேன்ணா. அதுலருந்து நைனா எங்கிட்ட பேசல. புள்ள பொறந்தப்ப கூட வரல. ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கன்னு போன் வந்ததும் கெளம்புனேன். திண்டிவனத்துல ரெண்டு மணி நேரம் பஸ்ஸே இல்ல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள போய்ட்டாரு. மூஞ்சதான் பாத்தேன்."

காலையில் சடங்கு முடிந்து காக்கைக்குச் சோறு வைத்திருக்கிறார்கள். அவள் அண்ணன் வைத்த இலைக்குக் காக்கைகள் வந்து விழுந்து சாப்பிட்டிருக்கின்றன. அவள் தன் கையால் தனியாகச் சமைத்து, நைனாவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலோடு வைத்த இலையை ஒரு காக்கையும் தொடவில்லை. ஒன்று வந்து பார்த்துவிட்டுப் பறந்தே போய்விட்டதாம். அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி, "கோவம் இன்னும் தீரல போலக்குது" என்று சொல்லிவிட்டாள்.

"செத்தும் எங்கிட்ட பேச மாட்டேங்குறாருண்ணா" என்றாள்.

அமாவாசையன்று அந்தக் கடற்கரையில் எத்தனை இலை போடுகிறார்கள்! காக்கைகளுக்கு வயிறு வெடிக்காத குறைதான். இதை அவளிடம் சொல்லியும் பார்த்தேன். "எங்கண்ணன் சோத்துக்கு மட்டும் பசி இருந்துதா?" என்று கேட்டாள்.  கடல்காகங்கள் இருந்தாலாவது, இதுவும் ஒரு காக்கைதான் என்று ஏதாவது சொல்லி ஏமாற்றியிருப்பேன். அவை எல்லாம் வெயில் காலம் தொடங்குமுன்பே வடக்கே வலசை போய்விட்டிருந்தன.

"இப்போ பாருங்க, ரெண்டும் கூடவே வருது. கூரை மேலதான் உக்காந்துருக்குது. என்னியத் தேடிக்கினுதானே வருது? ஆனா இங்க ஆளுங்க இருக்காங்க, எறங்காது. எங்கனா தரையில வெச்சா துன்னும்ணா. அதோ அந்த மண்ணுல வெக்கலாமா?"

அவள் கைகாட்டியது ஆலாத் திட்டை.

பெயர் படகுக்காரர்கள் வைத்தது. கடலுக்கு நடுவே வளைந்து கிடக்கும் வெறும் மணல். மரம் கிடையாது, செடி நாலைந்து. வைகாசியில் அங்கே ஆலாக்கள் முட்டையிடும். கூடு என்று எதுவும் கட்டாது. மணலில் காலால் ஒரு குழி பறித்து, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு முட்டை. உச்சி வெயிலில் அந்த முட்டைகள் வெந்து போகாமல் இருக்க, தாய்ப்பறவை கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு பறந்துவந்து மேலே உட்காரும். பூனை இல்லை, நாய் இல்லை, காக்கை இல்லை, அந்த ஒரே நம்பிக்கையில்தான் இவ்வளவு திறந்த வெளியில் முட்டையிடுகிறது.

ஒவ்வொரு நடையிலும் திட்டு கண்ணுக்குத் தெரிந்தவுடன் இதைத்தான் மைக்கில் சொல்வேன். மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அன்று திட்டு கண்ணுக்குத் தெரிந்தது. மைக் கையில் இருந்தது. நான் பேசவில்லை.

மறந்துபோய் அல்ல. முட்டை இருக்கிறது என்று சொன்னால், அடுத்த வார்த்தை 'கூடாது' என்றுதான் வர வேண்டும். அழுதுகொண்டிருக்கிற ஒரு பெண்ணிடம், அதுவும் என் ஊர்ப் பெண்ணிடம், அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் வேறு, "நம்ம ஊரு ஆளு நீ இருக்கசொல்ல இது ஆவாதா?" என்றார். படகில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவள் அண்ணனும் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

டிரைவர் அண்ணனிடம் திட்டின் வால் பக்கம் நிறுத்தச் சொன்னேன்.

"ஆலா அடையில இருக்கு தம்பி" என்றார்.

"தெரியும்ணே. முட்டை அந்தக் கோடியில. நான் இந்தக் கோடியில எறங்குறேன். ரெண்டே நிமிஷம்."

"கரைக்குப் போனதும் துறையில வைக்கச் சொல்லு. அங்க பசியோட எத்தனையோ கிடக்கு."

"இந்த ரெண்டு காக்கா சாப்பிடணும்ணே அவங்களுக்கு."

அவர் எஞ்சினைக் குறைத்தார். "கைடு நீ. நீ சொன்னா நிறுத்துறேன்" என்றார்.

பயணிகளை இறக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்குச் சட்டம் ஞாபகம் இருந்தது! கணக்கெடுப்புக்காக இறங்குகிற அனுமதி எனக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு முட்டி ஆழத் தண்ணீரில் நான் மட்டும் இறங்கினேன். அவள் வாழை இலைத் துண்டில் சோற்றை உருட்டி, வறுவலை மேலே வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள்.  ஈர மணல் தாண்டி, காய்ந்த மணல் ஆரம்பிக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். படகு கொஞ்சம் பின்வாங்கியது.

ஒரு காக்கை இறங்கியது. இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு கொத்தியது. அடுத்ததும் இறங்கியது.

சரோஜா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "நைனா!" என்றாள், ஒரே ஒரு தடவை. படகே கும்பிட்டது. அவள் அண்ணன் எழுந்து, ஆடுகிற படகில் தட்டுத்தடுமாறி கடைசி வரிசைக்குப் போய், அவள் தலையில் கை வைத்தான். "அழுவாத. ஊட்டுக்கு வா" என்றான். எட்டு வருஷம் அவளுக்குக் கதவைத் திறக்காத வீடு அது. என் கண்ணும் கலங்கியது. இந்த வேலைக்கு வந்ததற்கு இது ஒன்று போதும் என்றுகூட நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பும்போது கூரையில் காக்கைகள் இல்லை. நான் கவனிக்கவில்லை. டிரைவர் அண்ணன் கவனித்தார். இரண்டு மூன்று முறை திட்டைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் திட்டில் ஐந்து காக்கைகள். அடுத்த வாரம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். காக்கைக்கு ஒரு இடத்தில் சாப்பாடு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தனியாகச் சாப்பிடாது, கூப்பிடும். அந்தக் குணத்துக்காகத்தானே நாம் அதைக் கும்பிடுகிறோம்? ஆலாக்கள் கத்திக்கொண்டு மேலிருந்து பாய்ந்து பாய்ந்து கொத்தின. காக்கைகள் அசரவில்லை. ஒன்று தாயை எழுப்பும், இன்னொன்று முட்டையை எடுக்கும்.

நம்மோடு ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஒரு பெண் கணக்கெடுக்க இறங்கினபோது நானும் கூடப் போனேன். குழிகள் இருந்தன. ஓட்டை விழுந்த ஓடுகள் இருந்தன. பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சு ஒன்று, தலை இல்லாமல் கிடந்தது. அந்தப் பெண் மணலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக இந்தத் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"இத்தனை வருஷமா இங்க காக்காவே கிடையாதே சார். எப்படி வந்துச்சு?"

"காத்துல தள்ளிக்கிட்டு வந்திருக்கும்மா" என்றேன்.

சொல்லிவிட்டேன். இவ்வளவு வருஷம் கழித்து எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. அவள் அதைத் தன் நோட்டில் கேள்விக்குறி போட்டு எழுதிக்கொண்டாள். டிரைவர் அண்ணன் படகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். அந்தத் துறையில் எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை அதுதான்.

அடுத்த வருஷம் ஆலாத் திட்டில் ஆலா இல்லை. அதற்கடுத்த வருஷம் நாலைந்து ஜோடி வந்து பார்த்துவிட்டுப் போயின. இப்போது நீங்கள் அந்தத் திட்டைத் தாண்டும்போது மைக்கில் சொல்ல எதுவும் இல்லாமல் பேசாமல் போகிறீர்களே, அதற்குக் காரணம் நான்தான்.

பிறகு நான் பெரிய கறார் பேர்வழியாக ஆனேன். படகில் தின்பண்டம் கூடாது என்று ரூல் வந்தபோது அதை என்னைப் போல் அமல்படுத்தினவன் இல்லை. குழந்தை கையிலிருந்து முறுக்கைப் பிடுங்கியிருக்கிறேன். காக்கை விரட்ட நானே துடுப்பை எடுத்துக் கூரையைத் தட்டுவேன். வழியனுப்பு விழாவில், 'விதிமுறை தவறாதவர்' என்று பேசி சால்வை போட்டார்கள். சால்வையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

ரிட்டயராகி செஞ்சிக்கே வந்துவிட்டேன். வந்த இரண்டாவது வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சரோஜா. அன்றைக்குப் பிறகு அவள் குடும்பத்தோடு சிங்கவரத்துக்கே வந்துவிட்டாள். அண்ணன் வீட்டுக்கு நாலாவது வீடு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், "இவருதான் என் நைனாவுக்குக் கடல்ல எறங்கி சோறு வெச்சவரு" என்று சொன்னாள்.

அதிலிருந்து அவளைக் கண்டாலே எனக்கு ஓட்டம்தான். மார்க்கெட்டில் பார்த்தால் அடுத்த சந்து. பஸ்ஸில் இருந்தால் அடுத்த பஸ். வேர்க்கடலை பிடுங்கினால் ஒரு பை கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். அந்தக் கடலையை என்னால் தின்ன முடிந்ததில்லை. மனைவிக்கு இது புரியாமல், எனக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் செய்தி வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஓங்கில் கதை எழுதினேன். வேறு இரண்டு கதை எழுதிக் கிழித்தேன். உங்களுக்கு எழுத வேண்டிய கதை இது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது பாதி அவள் கதை. அவளுக்குத் தெரியாமல் உங்களுக்குச் சொல்வது இன்னொரு முறை அதே தப்பைச் செய்வது. சொன்னாலோ, இத்தனை வருஷமாக அவள் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒன்றை நானே பிடுங்கிப் போட்டவனாவேன். மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் சைக்கிளை எடுத்தேன்.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சரோஜா சத்துணவுக் கூடத்து வாசலில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "வாண்ணா! வழி தெரிஞ்சிச்சா?" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காக்கைகள் திரும்பி வராதது, முட்டைகள், தலையில்லாத குஞ்சு, காற்று தள்ளிக்கொண்டு வந்தது என்று சொன்ன பொய்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க முட்ட இருந்துதா?"

"இருந்துது."

"நான் சோறு குடுக்கசொல்ல உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

 பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்த வேர்க்கடலைக் காட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க நைனாவுக்கு மூக்கு மேல கோவம் வரும். ஆனா ஏர் ஓட்டச்சொல்ல ஆள்காட்டிக் குருவி முட்ட வெச்சிருந்துதுன்னா, அந்த எடத்தச் சுத்திக் குச்சி நட்டுட்டு மிச்சத்தத்தான் ஓட்டுவாரு. குஞ்சி எறங்கிப் போற வரைக்கும் அந்தத் திட்டு தரிசாவே கெடக்கும். ஊரே சிரிக்கும். அந்த மனுசன் அந்தச் சோத்தத் துன்னுருப்பாரா?"

"உன் மனசு ஒடஞ்சிடும்னு பயந்துட்டேம்மா" என்றேன்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நான் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை, இங்கே வந்தது.

"என் மனசு ஒடையுமா ஒடையாதான்னு நீ எப்படிண்ணா முடிவு பண்ணே? அன்னிக்கு எல்லாருக்கும் எல்லாம் சொன்னியே. ஓங்கில் இப்படி மூச்சு வுடும், கடல்பசு அப்படிக் குட்டி போடும்னு கதகதயா சொன்னே. அத்த மட்டும் ஏன் சொல்லல? ஒரு வார்த்த, 'அங்க முட்ட இருக்குதும்மா'ன்னு சொல்லியிருந்தா, நானே வேணாம்னு சோத்த மடியில வெச்சிக்கினு திரும்பியிருப்பேன். நான் அவரு பொண்ணுண்ணா."

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அன்றைக்கு என் முன்னால் இரண்டு வழி இருப்பதாக நினைத்தேன். ஒன்று, அவளுக்கு இரக்கம் காட்டுவது. இன்னொன்று, பறவைகளைக் காப்பாற்றுவது. அவளிடமே விஷயத்தைச் சொல்லி, அவளையே கேட்பது என்று ஒரு மூன்றாவது வழி இருந்தது. அது எனக்குத் தோன்றவேயில்லை. இரக்கம் என்ற பெயரில் அவளை என்னைவிடச் சின்ன மனுஷியாக நினைத்துவிட்டேன். படகில் ஏறுகிறவர்கள் அழுதுகொண்டு ஏறினாலும், குடித்துவிட்டு ஏறினாலும், மந்திரியின் மச்சானாக ஏறினாலும், அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். சொன்ன பிறகும் கேட்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் ரூல். மற்றவர்களுக்குச் சொன்னாலே போதும்.

கிளம்பும்போது, இதை உங்களுக்கெல்லாம் எழுதலாமா என்று சரோஜாவிடம் கேட்டேன். அவள் சத்துணவுக் கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"எழுதிக்கோ. என் பேரையும் போட்டுக்கோ. ஆனா, அங்க முட்ட இருந்தது அவளுக்குத் தெரியாதுன்னு எழுது. தெரிஞ்சிருந்தா வெச்சிருக்க மாட்டான்னு எழுது."

எழுதிவிட்டேன்.